நீர்நாய்த் தோலுக்கு ஒரு முழுக்கு

பயணம் போய் வந்ததை எழுதுகிறவர்கள் படித்தவர்களாக இருப்பார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஊரில் சங்கக்கடையில் வேலை செய்தபோது சாக்குகளில் சீனி, பருப்பு என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பீலெஃபெல்டில் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையை நடத்தும் நண்பர்கள், "எங்களுக்குச் சொன்ன மாதிரியே எழுதித் தா" என்று மூன்று கிழமையாக விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்யும் இடம், மென்மயிர்த் தோலில் குளிர்காலத்து மேலங்கி தைக்கும் பட்டறை. முதலாளியை எல்லோரும் மைஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அகதி என்பதால் எனக்குக் கிடைத்த வேலை அனுமதி நாளுக்கு மூன்று மணி நேரம் கூட்டித் துடைப்பதற்கு மட்டும். தோலைத் தண்ணீரில் கழுவக் கூடாது என்பதுதான் அங்கே நான் படித்த முதல் பாடம். ஒரு பெரிய உருளைக்குள் மரத்தூளைப் போட்டு, அதற்குள் தோலையும் போட்டுச் சுற்ற விடுவார்கள். அழுக்கையும் பழைய எண்ணெயையும் மரத்தூள் குடித்துவிடும். அந்த மரத்தூளைக் கூட்டி அள்ளுவது என் வேலை.

ஒக்டோபரில் ஒருநாள் மைஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தோலைக் காட்டினார். நாலடி நீளம், கருங்கபில நிறம், நடுவில் அவர் தைத்துச் சரிசெய்த கிழிசல். கடல் நீர்நாய் என்றார். உலகத்தில் இதைவிட அடர்த்தியான மயிர் வேறு எந்த மிருகத்துக்கும் இல்லையாம். ஒரு பழைய அட்லசை விரித்து, கனடாவின் மேற்குக் கரையில், பசிபிக் சமுத்திரத்தின் ஓரமாக விரலை வைத்தார்.

"இருநூறு வருடத்துக்கு முன்னால் ஆங்கிலேயக் கப்பல்கள் இதற்காகத்தான் உலகத்தைச் சுற்றி அங்கே போயின. எடுத்து எடுத்து மிருகத்தையே முடித்துவிட்டார்கள். இன்றைக்கு வேட்டையாடச் சட்டம் விடாது. அதனால் இது போனால் போனதுதான், சபா."

தோலின் சொந்தக்காரி ஆஹெனில் இருக்கும் வோல்டர்ஸ் அம்மா, ஓய்வு பெற்ற பூமிசாஸ்திர ஆசிரியை. அந்தக் கரை வியாபாரத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார். மைஸ்டருக்கு முழங்கால் வீக்கம், போக முடியாது. தபாலில் அனுப்ப மனமில்லை.

"புதன்கிழமை பத்து மணிக்கு அவர் கையில் கொடு. நல்லபடியாகக் கொடுத்துவிட்டு வந்தால் உன்னை ஊசி மேசைக்கு எடுப்பதற்கு அன்ட்ராக் எழுதுகிறேன்."

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம் என்று நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊசி மேசை என்பது, பின்பக்கம் மட்டும் இலேசாக ஈரமாக்கிய தோலைப் பலகையில் இழுத்து ஊசி குத்திக் காயவிடும் இடம். அங்கே வேலை கிடைத்தால் அது முழுநாள் வேலை. கையில் தொழில் இருக்கும். மூன்று வருடமாகத் துடைப்பத்தோடு அந்த மேசையைச் சுற்றி வந்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டேன். மாவட்டத்தை விட்டு வெளியே போக வாங்கிய இரண்டு நாள் அனுமதிக் கடிதம் சட்டைப் பையில். தோல் ஒரு மட்டைப்பெட்டியில், மடியில். ரயிலில் எதிரே இரண்டு வயதான பெண்கள். நம் ஊர் ரயிலென்றால் அடுத்த ஸ்டேசனுக்குள் என் கல்யாணம், பிள்ளைகள், வருத்தங்கள் எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் யன்னலைத்தான் பார்க்கிறார்கள். பசி தாங்காமல் றொட்டியும் சம்பலும் சுற்றிய பார்சலைப் பாதி மட்டும் திறந்தேன்.

"வெங்காயம் மணக்கிறது," என்றார் ஒருவர்.

"இல்லை, தேங்காய். மிட்டாயாக இருக்கும்," என்றார் மற்றவர்.

வெட்கத்தை விட்டுப் பார்சலை நீட்டினேன். மிட்டாய் என்றவர் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் துப்பவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது மிட்டாய் இல்லை," என்று தோழியிடம் சொன்னார். பிறகு டோர்ட்மண்ட் வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

டோர்ட்மண்டில் நடராசா அண்ணை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அண்ணையும் மங்கை அக்காவும் நானும் ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரே அகதி விடுதியில் இருந்தவர்கள். அண்ணை வல்வெட்டித்துறைக்காரர், இருபது வருடம் கப்பலில் சமையல் செய்தவர். அட்லசில் மைஸ்டர் காட்டிய கரையை நான் சொன்னதும் அவர் எழும்பி உட்கார்ந்தார்.

"அங்கையோ? நான் ரெண்டு தரம் போனனான் தம்பி. மரம் ஏத்தப் போனது. மழை, மழை, வேற ஒண்டுமில்லை. ஊர்ப் பேரெல்லாம் இங்கிலீசுக்காரன்ர பேர். விக்ரோறியா ராணியின்ர பேரில ஒரு பட்டினமே கிடக்கு."

"யாழ்ப்பாணத்திலயும் அவாவின்ர பேரில றோட்டு இருக்குத்தானே," என்றேன்.

"றோட்டோட விட்டது எங்கட அதிட்டம்," என்றார் அண்ணை.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். பூச்சி உருண்டை மணம் வீடெல்லாம் பரவியது. தோலின் பின்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. "உதையோ பெரிய மனிசி ஒருத்திக்குக் குடுக்கப் போறியள்?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

பகல் சாப்பாடு செவ்வாய்க்கிழமைச் சைவம். பனிக்கட்டியாக விற்கும் கீரையை உருக்கி, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுக் கடைந்திருந்தார். அது ஜெர்மன்காரரின் கீரை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இருந்தன. அண்ணைக்கு ஒரு மணிக்கு வெளிநாட்டவர் கந்தோரில் டெர்மின், அதாவது வரச் சொல்லிக் குறித்துக் கொடுத்த நேரம். துணைக்கு வரச் சொன்னார். இரண்டு மணி நேரம் வரிசையில் இருந்த பிறகு, கொண்டுபோன படம் பழையது என்று சொல்லி வேறு நாள் கொடுத்தார்கள். அண்ணை கந்தோரைத் திட்டிக்கொண்டே வர, நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

வீட்டுப் படியில் நிற்கும்போதே சீயாக்காய் மணம். செவ்வாயும் வெள்ளியும் அக்கா முழுகும் நாள். கனடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த சீயாக்காயை வெந்தயமும் தேசிக்காயும் போட்டு அவித்து வைத்திருப்பார். உள்ளே போய் உட்கார்ந்தேன். பல்கனிக் கொடியில் அக்காவின் சேலைக்குப் பக்கத்தில் ஏதோ கறுப்பாகத் தொங்கிச் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"அக்கா, உதென்ன?"

"உங்கட தோல்தான் தம்பி. முழுக வாத்தனான்."

எழும்பிப் பல்கனிக் கதவடிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"பாருங்கோ, எவ்வளவு வடிவா வந்திருக்கு! ஊத்தையோட ஒருதருக்கு ஒரு சாமானைக் குடுக்கிறதே? நாலு தண்ணி வாத்தனான். கடைசித் தண்ணி வரேக்கை பளிங்கு மாதிரி இருந்துது."

"அக்கா, தோலில தண்ணி படக்கூடாது."

"ஏன் தம்பி? கடலுக்கை பிறந்து கடலுக்கை வளந்ததெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதுக்குத் தண்ணி ஒத்துக்கொள்ளாதோ?"

அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சை பார், பெடியன்ர வேலை போகப்போகுது," என்றார். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. உடனே ஓடிப்போய்த் தோலை எடுத்து வந்து, அறைச் சூட்டுக் குழாயின் மேல் போடப் பார்த்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மற்றவர் வீட்டில் சத்தம் போட்டேன்.

"அதிலை போடாதேங்கோ! அப்பளமாப் போகும்!"

பிறகு மைஸ்டர் செய்வதை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். தோலை முறுக்கிப் பிழியவில்லை. துவாயில் சுருட்டி அழுத்தினேன். மூன்று துவாய் நனைந்தது. மயிர்ப் பக்கம் விரலைவிட்டுப் பார்த்தேன். மேலேதான் ஈரம், அடியில் காய்ந்து கிடந்தது. அவ்வளவு அடர்த்தி. பின்பக்கத் தோல்தான் நன்றாக ஊறியிருந்தது. பழைய தோல்களைப் படிகாரம் போட்டுப் பதப்படுத்தியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் படிகாரம் கரைந்து போய்விடும், அதனால்தான் காயும்போது விறைத்து உடைகிறது என்று மைஸ்டர் ஒருநாள் யாரோ வாடிக்கையாளருக்குச் சொன்னதைக் கேட்டிருந்தேன். போன படிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தால்?

"அண்ணை, இஞ்சை படிகாரம் எங்கை வாங்கலாம்?"

"எதுக்கு வாங்கிறது? எனக்குப் பல்லுக் கொதி வந்தால் கொப்பளிக்கிறதெண்டு இவள் ஊரிலையிருந்து ஒரு கட்டி கொண்டந்தவள்."

உள்ளங்கை அளவு கட்டி. அக்கா உரலில் போட்டு இடித்துத் தந்தார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் படிகாரமும் உப்பும் கரைத்து, கொஞ்சம் கோதுமை மாவும் எண்ணெயும் சேர்த்துக் களியாக்கினேன். முட்டை மஞ்சட்கருவும் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் முட்டை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"உது தோலுக்கோ, றொட்டிக்கோ?" என்று அண்ணை கேட்டார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அவர் பதகளிச்சுக்கொண்டு நிக்கிறார்," என்றார் அக்கா.

களியைத் தோலின் பின்பக்கம் தடவிச் சில மணி நேரம் விட்டு, வழித்தெடுத்தேன். இனிப் பலகை வேண்டும். அண்ணை அலுமாரியைத் திறந்து, உடுப்புகளைக் கட்டிலில் கொட்டி, நடுத்தட்டுப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தார். அக்காவின் தையல் பெட்டியிலிருந்த குண்டூசி எல்லாம் எடுத்தோம். மயிர் கீழே, தோல் மேலே. கழுத்திலிருந்து வால்வரை முதலில், பிறகு பக்கங்கள், விரல் அகலத்துக்கு ஓர் ஊசி. இழுத்து, குத்தி, இழுத்து, குத்தி. மூன்று வருடம் கூட்டும்போது பார்த்தது எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது.

அறையின் சூட்டை நிறுத்தி யன்னலைத் திறந்துவைத்தோம். அன்றைக்கு மூவரும் குளிர்ச்சட்டையோடுதான் சாப்பிட்டோம்.

காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுத் தோலைத் தொட்டுப் பார்த்தேன். அரைகுறை ஈரம். ஒரு மூலை விறைத்திருந்தது. மற்ற இடம் வளைந்து கொடுத்தது. ஊசியைக் கழற்றினால் சுருங்கிவிடும். ஆகவே பலகையோடுதான் கொண்டுபோக வேண்டும். அக்கா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டிவிட்டார். படியில் நின்று, "தம்பி, என்ர பேரைச் சொல்லுங்கோ. நான்தான் செய்தனான் எண்டு சொல்லுங்கோ," என்று இரண்டு தடவை சொன்னார்.

ரயிலில் பக்கத்து ஆசனக்காரர் ஒரு குட்டைக்கால் நாயோடு வந்தார். நாய் என் பலகையை மோந்து பார்த்தது, உட்கார்ந்தது, அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவேயில்லை. இடையிடையே அழுவது போல ஒரு சத்தம்.

"ஓவியமா?" என்று அவர் கேட்டார்.

"ஆம்," என்றேன்.

"இவனுக்கு ஓவியத்தில் இவ்வளவு ஈடுபாடு இருப்பது எனக்குத் தெரியாது," என்றார்.

ஆஹெனில் பஸ் சாரதி பலகையைப் பார்த்துவிட்டுத் தளபாடம் ஏற்ற முடியாது என்று கதவைச் சாத்தினார். நடந்தேன். காற்று பலகையைப் பாய் போலப் பிடித்து இழுத்தது. வோல்டர்ஸ் அம்மா வீட்டு மணியை அடித்தபோது பத்தடிக்க மூன்று நிமிடம்.

கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ஸ்டெல்லா, தூத்துக்குடி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறார். மொழிபெயர்க்க உதவும்படி வோல்டர்ஸ் அம்மா கேட்டிருந்தாராம். கடவுளே வந்த மாதிரி இருந்தது. வாசலிலேயே நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"ஐயோ, சீயக்காயா?" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு, "அண்ணா, ஒண்ணும் சொல்லாதீங்க. பாக்க நல்லாத்தானே இருக்கு? அவங்களுக்குக் கண்ணும் அவ்வளவா தெரியாது. குடுத்துட்டு அடுத்த ட்ரெயின்ல கிளம்பிடுங்க," என்றார்.

வோல்டர்ஸ் அம்மா மெலிந்த, உயரமான பெண்மணி. நான் வாய் திறக்குமுன் தேநீரும் பிரின்டன் என்ற அவ்வூர்ப் பிஸ்கற்றும் வந்தன. பல்லால் உடைக்க முடியாத பிஸ்கற். தேநீரில் தோய்த்தால் கறுவாவும் கராம்பும் மணக்கிறது. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் கண்காட்சிக்குச் சேர்த்தவற்றைக் காட்டினார்: வரைபடங்கள், ஓர் இரும்பு உளி, ஒரு துண்டுச் செப்புத் தகடு, ஒரு கம்பளி.

முதலில் வந்த ஆங்கிலேயர் தோலுக்காக வரவில்லை, கடல்வழி தேடி வந்தவர்கள் என்றார். குளிருக்குப் போர்த்த வாங்கிய தோல்களைச் சீனத் துறைமுகத்தில் விற்றபோது கிடைத்த விலையைக் கண்டு மாலுமிகளுக்குப் பைத்தியம் பிடித்ததாம். அதற்குப் பிறகு கப்பலுக்கு மேல் கப்பல். உளியும் செம்பும் கொடுத்துத் தோல் வாங்கினார்கள். தோலைக் கொடுத்துச் சீனாவில் தேயிலை வாங்கினார்கள். அந்தக் கரைச் சனங்கள் பேரத்தில் கெட்டிக்காரர். பாசிமணியைக் காட்டினால் சிரித்துவிட்டுச் செம்பு கேட்பார்களாம்.

"நீர்நாய் தீர்ந்துபோனது. இனிக் கப்பல் வராது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். மரக்கம்பத்தால் கோட்டை வந்தது. உள்ளே கம்பனிக் கடை. பிறகு நில அளவைக்காரர், பிறகு ஆளுநர். இடையில் அம்மை நோய், ஊர் ஊராக."

நான் வழமையில் இப்படியான இடங்களில் பேசமாட்டேன். அன்றைக்கு என்னவோ பேசினேன். எங்கள் நாட்டில் கறுவா இருந்தது, கடற்கரை இருந்தது, பிறகு கோப்பி போட்டார்கள், கடைசியில் அந்தத் தேயிலையையே எங்கள் மலையில் நட்டார்கள் என்றேன். கோட்டை மட்டும் ஒல்லாந்தர் கட்டியது. ஆங்கிலேயர் மற்றவர் கட்டிய வீட்டுக்குக் குடிவந்தவர்கள் என்றேன். ஸ்டெல்லா அதை ஜெர்மனில் சொல்லிவிட்டு, "தேயிலை பறிக்க ஆளுங்களை எங்க பக்கத்துலேர்ந்துதான் கொண்டு போனாங்க," என்று தன் கணக்கிலும் ஒன்றைச் சேர்த்தார். வோல்டர்ஸ் அம்மா ஒரு கடதாசியில் குறித்துக்கொண்டார். எனக்குத் தேநீரைப் போட்ட ஆள் மாதிரி ஒரு பெருமை.

பிறகு அவர் விரிப்பின் முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தார்.

"அம்மா, ஒரு நிமிடம்," என்றேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. நான் ஜெர்மனிலேயே சொன்னேன். "தோல் தண்ணீரில் நனைந்துவிட்டது. நேற்று. என் பொறுப்பில் இருந்தபோது."

மற்றதை ஸ்டெல்லா சொன்னார். வோல்டர்ஸ் அம்மாவின் கழுத்து சிவந்தது. "கப்பலில் வந்தது. இரண்டு உலகப் போரில் தப்பியது. ஒரு குளியலறையில் தப்ப முடியவில்லையா?" என்றார். எழுந்து போய் மைஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தார். வேகமாகப் பேசினார். எனக்குப் பாதிதான் விளங்கியது, அந்தப் பாதியே போதும். ஊசி மேசையை மனதுக்குள் கைகழுவி விட்டேன். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"சூடு காட்டினாயா?" மைஸ்டரின் குரல்.

"இல்லை. யன்னல் திறந்து வைத்தோம்."

"என்ன தடவினாய்?"

"படிகாரம், உப்பு, மா, எண்ணெய். முட்டை இல்லை."

"படிகாரம் எங்கே கிடைத்தது?"

"அண்ணையின் பல்லுக்கு வைத்திருந்தது."

"எந்தப் பக்கம் மேலே? ஊசி எவ்வளவு இடைவெளி?"

"தோல் பக்கம். விரல் அகலம். கழுத்தில் தொடங்கினேன்."

"நான் உனக்கு ஊசி குத்தக் கற்றுத் தரவில்லையே."

"கூட்டும்போது பார்த்தேன்."

"அவரிடம் கொடு," என்றார்.

வோல்டர்ஸ் அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு நாள்," என்றார், "தொடாமல், ஆம், பலகையோடு," என்றார். வந்து விரிப்பைத் தானே அவிழ்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். விறைத்த மூலையில் விரல் நின்றது. "இந்த மூலை போய்விட்டது. இதைப் பின்பக்கம் மறைத்து வைப்பேன்," என்றார். மற்ற இடங்கள் அவர் விரலுக்கு வளைந்து கொடுத்தன. பிறகு, எதற்காக அந்தப் பெண் கழுவினார் என்று கேட்டார்.

"கொடுக்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். தன் தலைக்கு அவித்ததைத்தான் இதற்கும் வார்த்தார். அவர் பெயர் மங்கை. பெயரைச் சொல்லச் சொன்னார்."

அவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "இந்தத் தோலை எத்தனை பேர் விற்றிருப்பார்கள், வாங்கியிருப்பார்கள்," என்றார். "குளிப்பாட்டியவர் இவர் ஒருவர்தான்." சிரிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிரின்டன் பொதி ஒன்றை எடுத்து, மங்கைக்கு என்று கையில் தந்தார்.

வாசலில் ஸ்டெல்லா, "நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்க அண்ணா, அதான் ப்ராப்ளம்," என்றார். பஸ் சாரதி இந்தத் தடவை கதவைத் திறந்தார். டோர்ட்மண்ட் ஸ்டேசனில் அண்ணையும் அக்காவும் காத்து நின்றார்கள். பொதியைக் கொடுத்தேன். அக்கா அதில் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதையும் அவிக்கத்தான் வேணும் போல," என்றார். அண்ணை தன் பலகை எங்கே என்று கேட்டார். கண்காட்சிக்குப் போயிருக்கிறது, ஞாயிறு கழித்து வரும் என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை வழமை போல வேலைக்குப் போனேன். அன்ட்ராக் படிவம் மேசையில் கிடந்தது. வேலை என்ற இடத்தில் மைஸ்டர் ஊசி மேசை என்று எழுதியிருந்தார். பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மரத்தூளைக் கூட்டினேன்.